கணக்குப் புத்தகத்துக்குள்ள ஒரு ரஷ்ய எழுத்து! - யார் இந்த லோபச்செவ்ஸ்கி?

ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கணுமா? எக்ஸ், ஒய். ரெண்டுமே லத்தீன் எழுத்து, நாம ஆங்கில எழுத்துன்னு சொல்றது. வட்டம்னா பை, கோணம்னா தீட்டா. இது ரெண்டும் கிரேக்கம். காலேஜ்ல மேத்ஸ் எடுத்தவங்களுக்கு இன்னொரு விருந்தாளியையும் தெரிஞ்சிருக்கும். முடிவிலிகளோட அளவைக் குறிக்க கேன்டர் கொண்டுவந்த 'அலெஃப்'. அது ஹீப்ரு எழுத்து.

இப்போ ஒரு கேள்வி. இத்தனை கணித மேதைகளைக் கொடுத்த ரஷ்யாவோட எழுத்து எங்கே போச்சு? ரஷ்யர்கள் எழுதுறது சிரிலிக் எழுத்துல. ஆனா, அங்கே ஸ்கூல் படிக்கிற பையன்கூட கணக்கு நோட்டுல எக்ஸ், ஒய்னுதான் எழுதுறான். விளக்கம் முழுக்க சிரிலிக்ல இருக்கும், சூத்திரம் வந்த இடத்துல மட்டும் லத்தீனும் கிரேக்கமும் வந்து உட்கார்ந்துக்கும்.

தேடிப் பார்த்தா, உலகம் முழுக்க கணிதக்காரர்கள் பயன்படுத்துற சிரிலிக் எழுத்துகள் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கு. ரொம்பப் பிரபலமானது 'ஷா'. மூணு பல்லு வச்ச சீப்பை மேல் நோக்கி நிறுத்தின மாதிரி இருக்கும். எண் கோட்பாட்டுல 'டேட் - ஷாஃபரேவிச் குழு'ன்னு ஒண்ணு உண்டு. அதைக் குறிக்க ஷாஃபரேவிச் பெயரோட முதல் எழுத்தான இந்த 'ஷா'வைக் கொண்டுவந்தவர் கேசல்ஸ் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர்.

இன்னொண்ணு 'எல்'. ரெண்டு கால் ஊன்றி, மேலே கூரை போட்ட சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும். இந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷரோட மொத்த வாழ்க்கையும் இருக்கு. வாழ்ந்த காலத்துல பெரும்பாலும் கேலியைச் சம்பாதிச்ச ஒரு யோசனையை, 30 வருஷம் விடாம எழுதிக்கிட்டே இருந்த மனுஷர். அவர் பெயர் நிக்கோலாய் இவானோவிச் லோபச்செவ்ஸ்கி.

அப்பா இல்லாத வீட்டுப் பையன்

1792-ம் வருஷம் டிசம்பர் 1, ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கரோத் நகரம். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு சாதாரண எழுத்தர் குடும்பத்தில் பிறந்தார் லோபச்செவ்ஸ்கி. அவருக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கையில் மூன்று ஆண் பிள்ளைகள். அம்மா பிரஸ்கோவ்யா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வோல்கா நதிக்கரையில் இருக்கும் கசான் நகருக்குக் கிளம்பினார். மாஸ்கோவிலிருந்து கிழக்கே 700 கிலோமீட்டருக்கும் மேல். ரஷ்யர்களும் தாத்தார் மக்களும் சேர்ந்து வாழ்ந்த ஊர்.

பணம் இல்லை. ஆனா, பிள்ளைகள் படிக்கணும். 1802-ல் அரசு உதவித்தொகையில் நிக்கோலாய் கசான் பள்ளியில் சேர்ந்தார். 1807-ல், 14 வயசிலேயே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டார். கசான் பல்கலைக்கழகமும் அப்போதுதான் முளைத்து மூன்றே வருஷம் ஆகியிருந்தது. அதே 1807-ல் அண்ணன் அலெக்சாண்டர் கசான்கா ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அந்த வீட்டில் அடுத்த பெரிய பிள்ளை, நம்ம நிக்கோலாய்தான்.

பொறுப்பான பிள்ளையா இருந்திருப்பாருன்னு நினைச்சா, அதுதான் இல்லை. ராத்திரியில் ராக்கெட் வாணம் விட்டு மாட்டிக்கொண்டது, சொன்ன பேச்சைக் கேட்காதது, கடவுள் நம்பிக்கை குறைவு என்ற சந்தேகம்னு நிர்வாகத்தின் குற்றப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பல்கலைக்கழகத்தைவிட்டே துரத்தும் அளவுக்கு விஷயம் போனபோது, பேராசிரியர்கள் சிலர் குறுக்கே வந்து நின்று காப்பாற்றினார்கள். 1811-ல் முதுகலைப் பட்டமும் கிடைத்தது.

காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் பார்ட்டல்ஸ், ஜெர்மனியிலிருந்து வந்த கணிதப் பேராசிரியர். இவரை மறந்துடாதீங்க. ஏன்னா, கசானுக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி, பிரன்ஸ்விக் நகரத்துப் பள்ளியில் ஒரு சின்னப் பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் இவர். அந்தப் பையன்தான் காஸ். பின்னாளில் ஐரோப்பாவே கணித மன்னராகக் கொண்டாடிய அதே காஸ். இவர் கதைக்குள்ளே திரும்பவும் வருவார்.

மீட்டர்னு எழுதினது ஒரு குத்தமா?

படித்த இடத்திலேயே லோபச்செவ்ஸ்கிக்கு வேலை கிடைத்தது. 1814-ல் துணை ஆசிரியர், 1816-ல் பேராசிரியர், 1822-ல் முழுப் பேராசிரியர். சரசரன்னு ஏறிட்டாரேன்னு தோணலாம். ஆனா, அந்தக் காலம் கசானில் மோசமான காலம்.

1819-ல் மக்னித்ஸ்கி என்ற அதிகாரி பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்ய வந்தார். நாத்திகம் பரப்புகிற இடம் இது, மூடிவிடலாம் என்று அறிக்கை கொடுத்தார். ஜார் மன்னர் மூடவில்லை. அதைவிடப் பெரிய வேலையா, அந்த மக்னித்ஸ்கி கையிலேயே பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையைக் கொடுத்துவிட்டார். பாடங்கள் மதத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்பட்டன. பல பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். பார்ட்டல்ஸும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

லோபச்செவ்ஸ்கி அங்கேயே இருந்தார். 1823-ல் மாணவர்களுக்காக ஒரு வடிவியல் பாடப் புத்தகம் எழுதினார். அச்சிடலாமா என்று கருத்து கேட்டு அது தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனது. அங்கே நிராகரித்துவிட்டார்கள். சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று, புத்தகத்தில் நீளத்தை மீட்டரில் அளந்திருந்தார் என்பது! மீட்டர், பிரெஞ்சுப் புரட்சி பெற்ற குழந்தை. மன்னராட்சி நடக்கிற நாட்டில் அதற்கு இடமில்லை. அந்தப் புத்தகம் கடைசியில் அச்சானது 1909-ல். எழுதியவர் செத்து அரை நூற்றாண்டு ஆன பிறகு.

அந்த அஞ்சாவது விதி

அந்தப் புத்தகத்தை எழுதும்போதே அவர் மண்டைக்குள் ஒரு வண்டு குடைந்துகொண்டிருந்தது. அது என்னன்னு புரிஞ்சுக்க, ஒன்பதாம் வகுப்பு வடிவியல் போதும்.

சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னாடி யூக்ளிட் ஐந்து அடிகோள்களைப் போட்டு, அதன் மேல் மொத்த வடிவியலையும் கட்டினார். முதல் நான்கும் எளிமை. ரெண்டு புள்ளியைக் கோட்டால் இணைக்கலாம், எல்லாச் செங்கோணமும் சமம், இந்த மாதிரி. ஐந்தாவது மட்டும் கொஞ்சம் சிக்கல். சுருக்கமா அது சொல்றது இதைத்தான்: ஒரு நேர்கோடு இருக்கு, அதுக்கு வெளியே ஒரு புள்ளி இருக்கு. அந்தப் புள்ளி வழியா, அந்தக் கோட்டுக்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும்.

இதுல என்ன பிரச்னைன்னு கேக்குறீங்களா? இணைகோடு என்பது எவ்வளவு தூரம் நீட்டினாலும் சந்திக்காத கோடு. 'எவ்வளவு தூரம் நீட்டினாலும்' என்பதை யார் போய்ப் பார்த்தது? தாளின் ஓரம் வரைக்கும் சந்திக்கலைன்னு சொல்லலாம். அதுக்கு அப்பால்? அதனால்தான், இதைத் தனி விதியா வைக்காம, மற்ற நான்கிலிருந்து நிரூபிச்சுடலாம்னு 2,000 வருஷமா ஆளாளுக்கு முயற்சி செஞ்சாங்க. பாரசீகத்தின் உமர் கய்யாம் முயன்றார். இத்தாலியின் சக்கேரி முயன்றார். பிரான்ஸின் லெஜாண்டர் முயன்றார். எல்லா நிரூபணத்திலும் எங்கேயோ ஓர் ஓட்டை.

இளம் ஆசிரியரா இருந்த லோபச்செவ்ஸ்கியும் அதை நிரூபிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. அப்புறம்தான் அவர் திசையை மாத்தினார். இதை நிரூபிக்க முடியாமல் போவதற்குக் காரணம், அது கட்டாய உண்மையே இல்லையோ? அந்தப் புள்ளி வழியா ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் இருக்கிறதா வச்சுக்கிட்டு வடிவியலைக் கட்டினா என்ன ஆகும்? முரண்பாடு வந்தால் யூக்ளிட் ஜெயிச்சார். வரலைன்னா?

வரவே இல்லை. அவர் கட்டக் கட்ட, சுவர் நேராத்தான் எழும்பிச்சு.

ஜூம் பண்ண முடியாத உலகம்

அந்தப் புது உலகத்தில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 டிகிரி கிடையாது. எப்போதும் அதுக்குக் கீழேதான். முக்கோணம் பெரிசாகப் பெரிசாக, கூடுதல் இன்னும் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போன்ல ஒரு போட்டோவை ரெண்டு விரலால பெரிசு பண்றீங்க. முகம் பெரிசாகுது, ஆனா அதே முகம்தான். கோணம் எதுவும் மாறலை. லோபச்செவ்ஸ்கி உலகத்தில் இது நடக்காது. அங்கே ஒரு முக்கோணத்தைப் பெரிசாக்கினா அதோட கோணங்களே மாறிடும். ஒரே வடிவம், வேற அளவு என்கிற விஷயமே அங்கே கிடையாது. ஜூம் பட்டனுக்கு அந்த உலகத்தில் வேலையே இல்லை!

இதெல்லாம் எங்கே இருக்குன்னு கண்ணால பார்க்கணுமா? கோழிக்கொண்டைப் பூவை எடுத்துப் பாருங்க. ஓரம் நடுப்பகுதியைவிட வேகமா வளர்றதால, சமதளத்தில் இடம் பத்தாம அலை அலையா மடிஞ்சுக்கும். குதிரைச் சேணத்தையும் பாருங்க. ஒரு பக்கம் மேல் நோக்கி, இன்னொரு பக்கம் கீழ் நோக்கி வளையும். அந்த மாதிரிப் பரப்பில் முக்கோணம் வரைஞ்சா, கோணங்களின் கூடுதல் 180-க்குக் கீழே போகும். லோபச்செவ்ஸ்கி சொன்ன உலகத்தின் ஒரு துண்டு அது.

1826 பிப்ரவரியில், கசான் பல்கலைக்கழகத் துறைக் கூட்டத்தில் தன் சக ஆசிரியர்கள் முன்னால் இதை எடுத்துவைத்தார் லோபச்செவ்ஸ்கி. அவருக்கு வயசு 33. கட்டுரையைப் பரிசீலிக்கச் சிலரிடம் கொடுத்தார்கள். அவர்களிடமிருந்து எந்தக் கருத்தும் வரவில்லை. கொடுத்த கையெழுத்துப் பிரதியும் தொலைந்தே போனது.

காலரா, தீ, நூலகம்

அடுத்த வருஷமே, 1827-ல், அவரைப் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில் துணைவேந்தர். மக்னித்ஸ்கி அப்போது பதவியிழந்து போயிருந்தார். சிதைந்து கிடந்த பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்பட்டது. 19 வருஷம், திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

வடிவியலைப் புரட்டிப்போட்ட ஆள், பகலில் செஞ்ச வேலை என்ன தெரியுமா? நூலகத்தில் புத்தகங்களை வாங்கி, அடுக்கி, பட்டியல் போட்டார். ரெக்டரான பிறகும் பல வருஷம் நூலகர் பொறுப்பையும் அவரே வச்சிருந்தார். கட்டடக் குழுவில் உட்கார்ந்து செங்கல் கணக்கு பார்த்தார். அதுக்காகவே கட்டடக் கலை படித்தார். 1834-ல் பல்கலைக்கழகத்துக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார்.

1830-ல் கசானில் காலரா பரவியது. லாக்டௌன் என்ற வார்த்தை நமக்கு 2020-ல்தான் பழகிச்சு. லோபச்செவ்ஸ்கி அதை அப்பவே செஞ்சார். மாணவர்கள், ஊழியர்கள், அவர்களின் குடும்பங்கள் எல்லாரையும் வளாகத்துக்குள் கொண்டுவந்தார். வாசல் கதவுகளைச் சாத்தினார். சுத்தத்தைக் கறாராகக் கடைப்பிடிக்க வைத்தார். ஊருக்குள் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, வளாகத்துக்குள் இறப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன.

1842-ல் பெரும் தீ விபத்து. கசானின் பெரும் பகுதி எரிந்தது. பல்கலைக்கழகத்தின் வானியல் ஆய்வுக்கூடமும் தப்பவில்லை. ஆனா, உள்ளே இருந்த கருவிகளையும் நூலகத்தின் புத்தகங்களையும் முதலிலேயே வெளியே கொண்டுவந்து காப்பாற்றிவிட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ரெக்டர்தான். எரிந்த கட்டடங்களை மீண்டும் எழுப்பியதும் அவர்தான்.

ஊரே மதிக்கிற ஒரு நிர்வாகி. ஆனா, அவர் உயிராக நினைத்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் பெரும்பாலானவர்கள் நம்பத் தயாராக இல்லை.

சிரிச்சாங்க... நல்லா சிரிச்சாங்க

தொலைந்துபோன கட்டுரையின் சாரத்தை விரித்து எழுதி, 1829-30-ல் 'கசான் தூதன்' என்ற பல்கலைக்கழக இதழில் தொடராக வெளியிட்டார். யூக்ளிட் அல்லாத வடிவியல் உலகத்தில் முதன்முதலா அச்சில் வந்தது இங்கேதான். லண்டனிலோ பாரீஸிலோ இல்லை. ஒரு மாகாண நகரத்து இதழில், ரஷ்ய மொழியில், சிரிலிக் எழுத்தில்.

அதுதான் முதல் சுவர். ஐரோப்பாவின் கணிதம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் லத்தீனிலும். ரஷ்ய எழுத்தைப் படிக்கத் தெரிந்த கணிதவியலாளர்கள் அங்கே ரொம்பக் குறைவு.

படிக்கத் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டுரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமிக்குப் போனது. அதை மதிப்பிட்டவர் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி. அன்றைய ரஷ்யாவின் முன்னணிக் கணிதவியலாளர். புரியும்படி எழுதப்படவில்லை, அகாடமி கவனிக்கத் தகுதியில்லை என்று 1832-ல் ஒதுக்கிவிட்டார். 1834-ல் தலைநகரின் பிரபல இதழ் ஒன்றில் பெயர் போடாத விமர்சனம் ஒன்று வந்தது. விமர்சனம் என்பதைவிட, பக்கா ட்ரோல். இப்படி ஒரு உளறலை ஒரு ரெக்டர் எழுதுவாரா என்கிற தொனியில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். லோபச்செவ்ஸ்கி எழுதி அனுப்பிய பதிலை அந்த இதழ் வெளியிடவே இல்லை.

கமென்ட்ல நாலு பேர் கலாய்ச்சாலே போஸ்ட்டை டெலிட் பண்ணிடுறோம். இவர் என்ன செஞ்சார்னு பாருங்க. 1835-லிருந்து 1838 வரை, அதே விஷயத்தை இன்னும் விரிவா ரஷ்ய மொழியில் எழுதினார். 1837-ல் பெர்லினின் புகழ்பெற்ற கணித இதழில் பிரெஞ்சில் எழுதினார். 'கற்பனை வடிவியல்' என்பது அதன் தலைப்பு. 1840-ல் ஜெர்மன் மொழியில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தன் எழுத்தை விட்டு, தன் மொழியை விட்டு, படிக்கிறவர்கள் இருக்கிற மொழிக்கே நடந்து போனார்.

வெறும் கற்பனைன்னு அவர் விட்டுவிடவும் இல்லை. நிஜ உலகம் எந்த வடிவியலில் ஓடுது என்று அளந்து பார்க்கவும் முயன்றார். பூமியின் சுற்றுப்பாதையை ஒரு பக்கமாகவும், தூரத்து நட்சத்திரத்தை உச்சியாகவும் வைத்து ஒரு மாபெரும் முக்கோணம். அதன் கோணங்களின் கூடுதல் 180-லிருந்து எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டார். விலகல், அன்றைய கருவிகளால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சின்னது. ஆனா, வெளியின் வடிவத்தை யோசித்து முடிவு செய்யக் கூடாது, அளந்துதான் முடிவு செய்யணும் என்ற நிலைப்பாட்டில் அவர் உறுதியாக நின்றார்.

தெரிஞ்சும் பேசாத ஒருத்தர்

அந்த 1840 ஜெர்மன் புத்தகம் சரியான ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காஸ்!

பார்ட்டல்ஸின் பழைய மாணவரான காஸுக்கு இது ஆச்சர்யமே இல்லை. ஏன்னா, பல வருஷம் முன்னாடியே அவரும் இதே இடத்துக்கு யோசித்து வந்திருந்தார். ஆனா, சர்ச்சைக்குப் பயந்து ஒரு வரிகூட வெளியிடவில்லை. ஹங்கேரியில் யானோஷ் போயாய் என்ற இளம் ராணுவ அதிகாரியும் தனியாக இதைக் கண்டுபிடித்து, 1832-ல் அப்பாவின் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாக வெளியிட்டிருந்தார். அவரையும் காஸ் வெளிப்படையாக ஆதரிக்கவில்லை.

60 வயசைத் தாண்டி ரஷ்ய மொழி கற்றுக்கொண்டவர் காஸ். நண்பர்களுக்கு எழுதிய தனிக் கடிதங்களில் லோபச்செவ்ஸ்கியை மனசாரப் புகழ்ந்தார். 1842-ல் கோட்டிங்கன் அறிவியல் சங்கத்தில் அவரை உறுப்பினராகவும் ஆக்கினார். ஆனா, உலகம் படிக்கிற மாதிரி, இந்த வடிவியல் சரிதான் என்று ஒரே ஒரு கட்டுரை? கடைசி வரைக்கும் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ட்ரோல் விமர்சனத்தை யார் ஞாபகம் வச்சிருப்பாங்க?

இருட்டுக்குள் கடைசிப் புத்தகம்

1832-ல் லோபச்செவ்ஸ்கி வர்வாரா என்ற வசதியான வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நிறைய குழந்தைகள் பிறந்தன, பல சின்ன வயசிலேயே இறந்துபோயின. வோல்கா கரையில் நிலம் வாங்கி, விவசாயமும் ஆடு வளர்ப்பும் செய்து பார்த்தார். வருமானத்தைவிடக் கடன்தான் வளர்ந்தது.

1846-ல், 30 வருஷ சேவைக்குப் பிறகு, பேராசிரியர் பதவியிலிருந்தும் ரெக்டர் பதவியிலிருந்தும் விலக்கப்பட்டார். தன் வாழ்நாளைக் கொடுத்துக் கட்டிய இடத்தில் அவருக்குப் பாடம் நடத்த வகுப்பு இல்லை. கல்வி மாவட்ட அலுவலகத்தில் உதவி அதிகாரி என்று ஒரு வேலை கொடுத்து உட்கார வைத்தார்கள். 1850-களின் தொடக்கத்தில் மூத்த மகன் அலெக்சேய் காசநோயில் இறந்தார். அதோடு லோபச்செவ்ஸ்கியின் உடம்பும் விழுந்தது. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது.

பார்வை முழுசாகப் போன பிறகு அவர் செஞ்ச கடைசி வேலை என்ன தெரியுமா? பக்கத்தில் ஆள் உட்கார்ந்து எழுத, வாயால் சொல்லியே அந்த வடிவியலை ஆரம்பத்திலிருந்து மறுபடியும் கட்டினார். படம் வரைஞ்சு படிக்கிற பாடத்தை, படமே தெரியாத ஒருத்தர் சொல்கிறார். 'பான்ஜியோமெட்ரி' என்று அதற்குப் பெயர் வைத்தார். 1855-ல் ரஷ்ய மொழியில் வந்தது. பிரெஞ்சிலும் அவரே கொடுத்தார்.

1856 பிப்ரவரி 24-ல் கசானில் இறந்தார். அவருடைய வடிவியலுக்குப் பரவலான அங்கீகாரம் கிடைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

பத்தே வருஷம்தான்!

1855-ல் காஸ் இறந்தார். 1860-களில் அவருடைய கடிதங்கள் அச்சில் வந்தன. யார் இந்த ரஷ்யர், காஸ் இவ்வளவு புகழ்றாரேன்னு ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. 1866-ல் அந்த ஜெர்மன் புத்தகம் பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டது. 1868-ல் இத்தாலியின் பெல்ட்ராமி, சேணம் போல வளைந்த பரப்பில் லோபச்செவ்ஸ்கியின் விதிகள் அப்படியே பொருந்துகின்றன என்று காட்டினார். அதன் வழியில், யூக்ளிட் வடிவியலில் முரண்பாடு இல்லை என்றால் இதிலும் இல்லை என்பதும் உறுதியானது. 2,000 வருஷத்து வழக்கு முடிந்தது.

வெளிக்கு ஒரே ஒரு வடிவம்தான் என்ற பூட்டு உடைந்தது. அந்த வாசல் வழியாக ரீமான் வந்தார், பின்னால் ஐன்ஸ்டைன் வந்தார். நிறை இருக்கும் இடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன என்கிற பொதுச் சார்பியல், யூக்ளிட் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் எழுதவே முடியாத ஒன்று. உங்க போன்ல ஜிபிஎஸ் சரியான தெருவைக் காட்டுறதுக்கு, செயற்கைக்கோள் கடிகாரங்களில் அந்தச் சார்பியல் திருத்தமும் சேர்க்கப்படுது.

1896-ல் கசானில் லோபச்செவ்ஸ்கிக்குச் சிலை வைத்தார்கள். இன்றைக்கு நீஷ்னி நோவ்கரோத் பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான்.

சரி, அந்தக் கூடார எழுத்து?

தன் வடிவியல் வெறும் விளையாட்டு இல்லைன்னு காட்ட, அதை வச்சு கடினமான தொகையீடுகளைப் போட்டுக் காட்டினார் லோபச்செவ்ஸ்கி. வளைந்த உலகத்தில் ஒரு திண்மத்தின் கன அளவைக் கண்டுபிடிக்க ஒரு சார்பு தேவைப்பட்டது. அதுதான் பின்னால் 'லோபச்செவ்ஸ்கி சார்பு' ஆனது.

நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் தர்ஸ்டன் முப்பரிமாண வெளிகளை ஆராய்ந்தபோது, லோபச்செவ்ஸ்கி உலகம் எல்லா இடத்திலும் எட்டிப் பார்த்தது. கன அளவு பற்றிய பகுதியை எழுதியவர் ஜான் மில்னர். அந்தச் சார்பைக் கொஞ்சம் மாற்றி அமைத்து, அதற்குக் குறியீடாக அவர் வைத்தது லத்தீன் எல் இல்லை. சிரிலிக் எல். லோபச்செவ்ஸ்கி என்ற பெயர் தொடங்குகிற, அந்தக் கூடார எழுத்து!

மூலைகள் எல்லாம் முடிவிலியில் இருக்கும் ஒரு நான்முகியின் கன அளவு வேண்டுமா? மூன்று கோணங்களுக்கும் அந்த 'எல்' சார்பைக் கண்டுபிடித்துக் கூட்டினால் போதும். மூன்று கோணமும் 60 டிகிரி என்றால், விடை சுமார் 1.0149. அந்த உலகத்தில் இதைவிடப் பெரிய நான்முகியே கிடையாது. கயிற்றில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, அதைச் சுற்றியுள்ள வெளியை அளந்தால், சரியாக இதைப்போல் இரண்டு மடங்கு. வாழ்ந்தபோது அவருடைய மொழியைத் தாண்டி வர வேண்டியிருந்த கணிதம், இப்போது அவருடைய எழுத்தைத் தேடிப் போனது.

டைப் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?

நீங்க மேத்ஸ் ஸ்டூடன்ட்டா இருந்து, புராஜெக்ட் ரிப்போர்ட்டை லேட்டெக்ஸ்ல அடிக்கிறவரா இருந்தா, இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

டோனல்ட் நூத் 1970-களில் உருவாக்கிய டெக் மென்பொருளும், அதன் மேல் எழுந்த லேட்டெக்ஸும்தான் இன்றைக்குக் கணிதக் கட்டுரைகளின் அச்சகம். அதில் பாடத்துக்கு ஒரு முறை, கணிதத்துக்கு ஒரு முறை. கணித முறைக்குள் லத்தீனும் கிரேக்கமும் தயாராக இருக்கும். சிரிலிக் இருக்காது. கீபோர்டை ரஷ்யனுக்கு மாத்தி நேரா சூத்திரத்துக்குள்ள அடிச்சா, பிழைச் செய்திதான் வரும். பாடத்துக்கான எழுத்தை ஒரு பெட்டிக்குள் போட்டு உள்ளே கடத்தலாம். ஆனா, அதே எழுத்து கீழொட்டாக வரும்போது அளவு சின்னதாகாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரியான வழி, சிரிலிக் எழுத்துருவிலிருந்து அந்த ஒரு எழுத்தை எடுத்து, அதை ஒரு கணிதக் குறியீடாகவே அறிவிச்சுடறது. இதுக்குன்னே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான சிரிலிக் எழுத்துரு ஒன்று, அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. அதில் ஒரு வசதி. ஆங்கில எல் இருக்கிற இடத்தில்தான் சிரிலிக் எல் உட்கார்ந்திருக்கும். 'ஷா'வைத் தேடினால், அது ஆங்கில எக்ஸ் இருக்கிற இடத்தில் கிடைக்கும். ஒரு தடவை அறிவிச்சுட்டா போதும், கீழொட்டு, மேலொட்டு எல்லாத்துக்கும் அளவைத் தானே பார்த்துக்கும்.

அப்படின்னா எல்லா சிரிலிக் எழுத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்துடலாமே? முடியாது. அதில் பல எழுத்துகள் லத்தீன் அல்லது கிரேக்க எழுத்து மாதிரியே இருக்கும். சிரிலிக் 'ஆ'வும் ஆங்கில 'ஏ'வும் கண்ணுக்கு ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு மட்டும் யூனிகோடில் தனித்தனி எண். இதை வச்சுத்தான் பிரபல இணையதளம் மாதிரியே தெரியுற போலி லிங்க்குகளை உருவாக்குறாங்க, அதனால உஷாரா இருங்க. லோபச்செவ்ஸ்கியே இணைகோட்டுக் கோணத்தைக் குறிக்க கிரேக்கப் பெரிய 'பை'யைப் பயன்படுத்தினார். அது ரஷ்ய 'பெ' எழுத்து மாதிரியேதான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் ரஷ்யாவை நினைக்க மாட்டாங்க. 'ஷா', 'எல்' மாதிரி சில எழுத்துகளுக்குத்தான் கணக்குக்குள் இடம் கிடைச்சிருக்கு.

1826-ல் அவர் கொடுத்த அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. ஆனா, வளைந்த வெளியின் கன அளவைக் கணக்கிடுகிற ஒரு மாணவி, உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும், ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாவிட்டாலும், அந்தக் கூடார எழுத்தைச் சந்திக்க வாய்ப்பு உண்டு.